பாலையும் வெந்நீரும்: ஒரு வண்டிவீட்டுப் பயணம்

(வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் இடையறாது கூடிக் கவிதை படிப்பதும், படித்ததைப் பற்றி மனந்திறந்து உரையாடுவதும் எளிய செயல்கள் அல்ல. அத்தகைய வட்டத்தின் விழா மேடையில் அமெரிக்கப் பாலைநிலம் ஒன்றையும், அங்குள்ள வெந்நீரூற்றையும், அதனை நாடிச் செல்லும் மோட்டார் வண்டியையும் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா என்னும் ஐயம் அவையோர்க்கு எழலாம். பாலை என்னும் சொல்லை ஆளாத தமிழ்க் கவிஞர் அரியர். ஆயினும், மணலும் உப்பும் மண்டிய மெய்யான பாலைவனம் எத்தகையது, அங்கே உயிர் எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதை அறிந்து எழுதுவோர் சிலரே. அந்த அறிவு கவிதைக்கு வேண்டியது என்பதே இவ்வுரையின் கருத்து.

தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத் திணை என்கிறது. நண்பகலையும் வேனிலையும் அதன் பொழுதாக வகுத்தபின், பின்பனியும் அதற்கு உரியதே என்று இடம் தருகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துக் கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் விளக்குகின்றார். வற்றிய சுனையும் நீரற்ற கூவலும் பாலையின் கருப்பொருள்கள். பிரிவு அதன் உரிப்பொருள். இக்கூறுகள் யாவும் தமிழ் மண்ணின் அனுபவத்தில் விளைந்தவை. வேற்று நாட்டு நிலம் ஒன்றை அவற்றுக்குள் அடைத்துவிட இயலாது. எனினும், அந்நிலத்தைக் காணும் தமிழ்க் கண்ணுக்கு அவை ஒளி தருகின்றன.

வண்டிவீடு

மோட்டார் ஹோம் என்று அமெரிக்கர் வழங்கும் ஊர்தியை வண்டிவீடு எனலாம். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் வேறு, இது வேறு. எஞ்சினும் இல்லமும் ஒரே சட்டத்தின்மேல் அமைந்திருப்பதே வண்டிவீட்டின் இலக்கணம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உணவு மேசை, எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, குளியலறை, படுக்கை ஆகியன வரிசையாக அமைந்திருக்கும். சிறியவை வேன் அளவின. பெரியவை பேருந்தை ஒத்தவை.

ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்தது இத்தகைய ஏற்பாட்டில்தான். சரக்கு வண்டியொன்றின் முதுகில் சிறு அறையொன்றைப் பொருத்தி, அதற்கு டான் குயிக்சாட்டின் குதிரையின் பெயரான ரோசினான்டே என்பதைச் சூட்டினார். அப்பயண நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் நோபல் பரிசும் பெற்றார். 1966இல் அயோவா மாநிலத்தின் வின்னெபாகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கியபின் அவற்றின் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஓய்வுபெற்றோர்க்கும் அவை எட்டக்கூடியவை ஆயின.

வண்டிவீட்டின் உள்ளமைப்பில் கவிஞர்கள் சிறப்பாகக் கருதத்தக்கது அதன் நீர் ஏற்பாடு. அடித்தளத்தில் மூன்று தொட்டிகள் உள்ளன. முதலாவது நன்னீர்த் தொட்டி. இரண்டாவது பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டி. அதனைச் சாம்பல்நீர்த் தொட்டி என்பர். மூன்றாவது கழிப்பறைக் கழிவு சேரும் கருநீர்த் தொட்டி. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆதலின், வேண்டிய மட்டும் நீரை நிரப்பிக்கொண்டு செல்ல இயலாது. குழாயைத் திறந்தவுடன் சிறு மின்பம்பு ஓடும் ஓசை எழும். எவர் எவ்வளவு நேரம் நீரைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது வண்டியிலுள்ள அனைவர்க்கும் கேட்கும். எனவே உடலை நனைத்தபின் குழாயை மூடிச் சோப்புத் தேய்த்து, மீண்டும் திறந்து கழுவிக்கொள்வதே வண்டிவீட்டார் வழக்கம். சுவரில் உள்ள சிறு விளக்குகள் மூன்று தொட்டிகளின் அளவையும் காட்டும். நன்னீர் குறையக் குறையக் கழிநீர் ஏறுவதை அவை அறிவிக்கும். தொட்டி நிறைந்ததும் அதற்கென அமைந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை அணிந்து, தடித்த குழாயைப் பொருத்தித் தம் கழிவைத் தாமே வெளியேற்றவேண்டும்.

நகர வீட்டில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் எங்கே போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டிவீடு அவ்விரண்டையும் கண்முன் நிறுத்திவிடுகிறது. பெருநகரில் பல்லாண்டு வாழ்ந்தவர்கூட வண்டிவீட்டில் ஒரு வாரம் தங்கினால் நீரின் அளவை அறிந்தவராகி விடுகிறார். இவ்வளவறிவைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

வடக்கே ஒரு சாலை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து லாஸ் வேகாஸுக்குச் செல்லும் 15ஆம் எண் நெடுஞ்சாலையில் பேக்கர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1991இல் எழுப்பப்பட்ட வெப்பமானி ஒன்று 134 அடி உயரத்தில் நிற்கிறது. மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் டெத் வேலியில் 1913 ஜூலை 10ஆம் நாள் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் குறிப்பதே அவ்வுயரம். வண்டிவீட்டார் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 127ஆம் எண் சாலையில் வடக்கே திரும்புகின்றனர். அதன்பின் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்குக் கடையும் இல்லை, வீடும் அரிது. வறண்ட ஏரிப்படுகை ஒன்று வெண்மையாகக் கிடக்கிறது. டியூமான்ட் மணற்குன்றுகள் தொலைவில் தெரிகின்றன. உயர்ந்த வண்டியைப் பக்கக்காற்றுத் தள்ளும்போது ஓட்டுநர் இரு கைகளாலும் சக்கரத்தைப் பற்றிக்கொள்கிறார். சாலையோரம் கிரியோசோட் புதர்கள், எண்ணி நட்டாற்போல் இடைவெளி விட்டு நிற்கின்றன. மழை பெய்த நாளில் அப்புதரின் இலை வீசும் மணமே பாலைவனத்தின் மணம் என்று அவ்வட்டாரத்தார் சொல்வர்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே அங்குப் பயணிகள் காலம். கனடாவிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பனிக்கு அஞ்சித் தெற்கே வரும் முதியோரைப் பனிப்பறவைகள் என்னும் பொருளில் ஸ்நோபேர்ட்ஸ் என்று அழைப்பர். வேனிலில் அந்நிலம் கொதிக்கும்போது அவர்கள் இருப்பதில்லை. தொல்காப்பியர் முதற்கண் கூறிய நண்பகல் வேனிற் பாலையை இவர்கள் அறியார். இவர்கள் அறிந்தது பின்பனிப் பாலை.

வண்டி சென்றடையும் ஊரின் பெயர் டெக்கோபா. பயூட் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் அது. கலிபோர்னியாவின் இன்யோ மாவட்டத்தில், அமர்கோசா ஆற்றங்கரையில் அவ்வூர் உள்ளது. அமர்கோசா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கசப்பு என்பது பொருள். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வாறு பெரும்பகுதி நிலத்தின் அடியிலேயே ஓடுகிறது. ஷோஷோனி, டெக்கோபா ஆகிய ஊர்களின் அருகே தலைகாட்டி, தெற்கே சென்று, பின் வடக்கே வளைந்து, கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழேயுள்ள டெத் வேலியின் உப்புப் படுகையில் முடிகிறது. கடலைச் சேராத ஆறு அது. 2009இல் அதன் ஒரு பகுதி, இயற்கை நிலையில் காக்கப்படவேண்டிய ஆறாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது.

அங்குள்ள மங்கலான மண்மேடுகள் பனியூழிக் காலத்தில் அங்கே பேரேரி ஒன்று இருந்ததற்குச் சான்று. பன்னூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எரிமலைகளிலிருந்து பறந்துவந்த சாம்பல், அவ்வேரிப் படிவுகளுக்கிடையே அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஏரி வறண்டு பாலையாயிற்று. நிலம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற கூற்றை அங்கு வெறுங்கண்ணாலேயே காணலாம்.

வண்டிவீட்டார்க்கு முன்னரும் அவ்வழியே மனிதர் சென்றனர். 1829-30இல் அந்தோனியோ அர்மிஹோ என்னும் வணிகர் ஏறத்தாழ 60 ஆட்களும் 100 கோவேறு கழுதைகளும் கொண்ட சாத்துடன் நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கம்பளம் கொண்டுசென்றபோது அமர்கோசாவைப் பின்பற்றியே நடந்தார். 1907 முதல் 1940 வரை இருப்புப்பாதை ஒன்றும் டெக்கோபா வழியே இயங்கியது. நீர் இருந்த இடமே வழியாயிற்று என்பது இவற்றால் புலனாகும்.

திடலும் நீராட்டும்

டெக்கோபாவின் முகாம்திடலில் மரநிழல் குறைவு. சரளைக்கல் பரப்பிய இடங்களில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வந்தவர் முதலில் செய்யும் வேலை வண்டியை மட்டப்படுத்துவது. சக்கரத்தின் அடியில் கட்டைகளை வைத்து, மட்டமானி பார்த்து, ஏற்றியும் இறக்கியும் சரிசெய்கின்றனர். எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்ப்பெட்டி சாய்ந்து நின்றால் கெட்டுப்போகும் என்பது ஒரு காரணம். சாய்ந்த படுக்கையில் உறக்கம் வராது என்பது மற்றொன்று. மின்கம்பியைப் பொருத்தி, பந்தல்துணியை விரித்து, மடக்கு நாற்காலிகளை வெளியே போட்டதும் ஓர் இல்லம் தோன்றிவிடுகிறது. அண்டை வண்டியார் கையசைக்கின்றனர். நாய்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

மாலையில் குளிர் இறங்கியதும் துண்டைத் தோளிலிட்டு அனைவரும் நீராடு கூடத்தை நோக்கி நடக்கின்றனர். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனிக் கூடங்கள். ஊற்று நீரில் இறங்குமுன் சோப்பிட்டுக் குளித்துவிட வேண்டும் என்பதும், ஆடையின்றியே இறங்கவேண்டும் என்பதும் அங்குள்ள பொதுக் கூடங்களின் மரபு. சிமெண்டுத் தொட்டியின் படிகளில் மெல்ல இறங்குவோர், முதலில் கால் சுடுவதை உணர்ந்து நிற்கின்றனர். பின் இடுப்பளவும், பின் கழுத்தளவும் அமிழ்கின்றனர். மூட்டுவலியுடைய மூதாட்டி, நெடுந்தொலைவு வண்டியோட்டியதால் தோள் இறுகியவர், அறுவை மருத்துவத்தின் தழும்புடையவர் என்று பலரும் ஒரே நீரில் அமர்ந்திருக்கின்றனர். ஆடை இல்லாதவிடத்துச் செல்வர், எளியவர் என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. பேச்சு மெதுவாகவே நிகழ்கிறது. பெரும்பாலும் இல்லாமலும் இருக்கிறது.

வெளியே வந்தால் உடலிலிருந்து ஆவி எழுகிறது. நகர ஒளி எட்டாத வானில் மீன்கள் நெருங்கித் தெரிகின்றன. தொலைவில் கொயோட்டிகள் ஊளையிடுகின்றன. வண்டிவீட்டார் சிலர் அவ்விடத்தை விட்டுப் பிரிய மனமின்றி ஆண்டுதோறும் திரும்பி வருவதன் காரணம் விளங்குகிறது. இவ்வின்பத்தில் குறை காண்பது முறையன்று. வலியுடைய உடல் வெந்நீரை நாடுவது மனித இயல்பு. அங்கே நீராடும் எவரும் தீங்கு எண்ணி வந்தவரல்லர் என்பதை மறவாது மேற்செல்ல வேண்டும். ஏனெனில் இனிக் கூறப்போவது ஓர் அழிவின் வரலாறு.

ஒரு சிறு மீன்

அவ்வெந்நீர் அன்று பெய்த மழையன்று. நெடுங்காலத்திற்கு முன் பெய்த மழை மலைப்பாறைகளின் வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் வெம்மையேறி, அழுத்தத்தால் மீண்டும் மேலே வந்து பொங்குகிறது. ஊற்றின் வாயில் அது மிகச் சூடாக இருக்கும். ஓடையாக வழிந்தோட ஓடப் படிப்படியாக ஆறும். இவ்வாறு ஆறிவரும் வழியில், மிகச் சூட்டுக்கும் தணிந்த சூட்டுக்கும் இடைப்பட்ட ஒரு நீட்சியில், ஒரு மீன் வாழ்ந்து வந்தது.

பப்ஃபிஷ் என்பது அம்மீனினத்தின் பெயர். நாய்க்குட்டி மீன் எனலாம். ஆண் மீன்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடுவது நாய்க்குட்டிகள் விளையாடுவதுபோல் தோன்றியதால் மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ் இப்பெயரை இட்டார். பழைய ஏரிகளும் ஆறுகளும் வறண்டபோது ஆங்காங்கே ஊற்றுகளில் சிக்கிப் பிரிந்துபோன கூட்டங்கள், காலப்போக்கில் தனித்தனி வகைகளாயின. டெக்கோபாவின் இரு வெந்நீரூற்றுகளிலிருந்து வழிந்த ஓடைகளில் வாழ்ந்த வகையை 1948இல் ராபர்ட் ரஷ் மில்லர் என்னும் அறிஞர் விளக்கிப் பெயரிட்டார். அதன் நீளம் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலமே. ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் வரை வெம்மையேறிய நீரிலும் அது வாழ்ந்தது. மனிதர் நீராடுவதற்கே தயங்கும் அச்சூட்டில் அது பாசியை உண்டு, முட்டையிட்டு, இனம் பெருக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டெக்கோபாவின் புகழ் பரவியது. கார்களிலும் டிரெய்லர்களிலும் மக்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்தனர். ஊற்றுகளைச் சுற்றி நீராடு கூடங்கள் எழுந்தன. 1965இல் அவை விரிவாக்கப்பட்டபோது, இரு ஊற்றுகளின் வழிநீரும் திருத்தி அமைத்த கால்வாயில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தனித்தனியே பரந்து மெல்ல வழிந்த நீர் இப்போது விரைந்து ஓடியது. விரைந்து ஓடியதால் ஆறுவதற்கு நேரம் இல்லாமற் போயிற்று. சூடு ஓடையின் கீழ்ப்பகுதி வரை தொடர்ந்தது. மீனுக்கு உரிய நீட்சி கீழே கீழே தள்ளப்பட்டது. அங்கே அமர்கோசா ஆற்றின் நாய்க்குட்டி மீன்கள் இருந்தமையால் இனக்கலப்பு நேர்ந்தது. மனிதர் கொண்டுவந்து விட்ட வேற்று மீன்களும் அதனோடு போட்டியிட்டன.

1970இல் அம்மீன் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டின் தொடக்கத்திற்குப் பின் அதனைக் கண்டவர் எவருமிலர். அறிஞர்கள் சுற்றியுள்ள நீர்நிலைகளிலெல்லாம் தேடினர். இறுதியில் 1982 ஜனவரியில், முற்றும் அழிந்தது என்னும் காரணத்தால் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அருகிவரும் உயிர்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்கீழ், அழிந்தமையால் பட்டியலினின்று நீங்கிய முதல் உயிரி டெக்கோபாவின் நாய்க்குட்டி மீனே.

எவரும் அதனை வேட்டையாடவில்லை, எவரும் நஞ்சிடவில்லை. சிலர் சற்று வசதியாக நீராட விரும்பினர். அதற்காக ஒரு வாய்க்கால் திருத்தப்பட்டது. நடந்தது அவ்வளவே. வண்டிவீட்டின் தொட்டியில் ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செலவிடும் பழக்கம், பொங்கும் ஊற்றைக் கண்டதும் மறைந்துவிடுகிறது. ஓய்வின்றிப் பொங்கும் நீருக்கு அளவு எதற்கு என்று தோன்றுகிறது. அந்நீரையே நம்பி வாழ்ந்த ஓர் உயிரோ மிக நுண்ணிய அளவொன்றைச் சார்ந்திருந்தது. சூடு சற்று மிகுந்தாலும் அழிவு. தணிந்த நீருக்கு இறங்கினாலும் தன் இனம் கலந்து மறையும். நடுவில் ஒரு நிலை இருந்தது, அந்நடுநிலை கலைந்தது.

அண்டையில் இரு காட்சிகள்

அழிவைக் கூறி நிறுத்திவிடுவது உண்மையின் ஒரு பாதியையே கூறியதாகும். டெக்கோபாவுக்குச் சிறிது வடக்கேயுள்ள ஷோஷோனி என்னும் சிற்றூரிலும் வெதுவெதுப்பான ஊற்று உண்டு; அந்நீரைக் கொண்டு நிறையும் நீச்சல்குளமும், வண்டிவீடுகள் நிற்கும் திடலும் உண்டு. அவ்வூரின் ஊற்றிலும் தனி வகை நாய்க்குட்டி மீன் ஒன்று வாழ்ந்தது. 1969 அளவில் அதுவும் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. ஆனால் 1986இல் ஊற்றின் வழிநீரில் அம்மீன்கள் மீண்டும் காணப்பட்டன. அதன்பின் அவற்றுக்கெனக் குளங்கள் அமைக்கப்பட்டன. இன்று நீச்சல்குளத்தில் நீராடிவரும் பயணி, சில நிமிட நடையில் அம்மீன்களைக் கரையிலிருந்தே காணலாம். நீராட்டும் மீனும் ஒரே ஊரில் இருக்கமுடியும் என்பதற்கு அவ்வூர் சான்று. டெக்கோபாவின் ஊற்று நீரால் வளரும் கோரைச் சதுப்பில் மட்டும் எஞ்சியிருந்த அமர்கோசா வயலெலி 1984இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிராக அறிவிக்கப்பட்டது. ஷோஷோனியில் சதுப்பை மீட்டெடுத்து 2020இல் அங்கும் அவ்வெலிகளைக் குடியேற்றினர்.

இன்னும் வடக்கே, நெவாடா மாநிலத்தின் ஆஷ் மெடோஸ் பகுதியில் டெவில்ஸ் ஹோல் என்னும் நீர்க்குகை இருக்கிறது. அதன் நீர் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் வெம்மையுடையது. ஆழமோ இன்னும் முழுதும் அளந்தறியப்படாதது. அங்கு மட்டுமே வாழும் நாய்க்குட்டி மீன்கள், நீர்மட்டத்தின் சற்றுக் கீழேயுள்ள சிறு பாறைத்திட்டு ஒன்றில்தான் இரைதேடி முட்டையிடுகின்றன. 1952இல் அக்குகை அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. பின்னர் அண்டை நிலங்களில் பாசனத்துக்காக நிலத்தடிநீர் இறைக்கப்பட்டபோது குகையின் நீர்மட்டம் தாழ்ந்து, பாறைத்திட்டு வெளிப்படத் தொடங்கியது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1976இல் நீதிமன்றம், மீன்கள் வாழ்வதற்கு வேண்டிய அளவு நீர் குகையில் நிற்கவேண்டும் என்றும், அதற்கேற்ப நீரிறைப்பைக் கட்டுப்படுத்தலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஓர் அங்குல நீளமேயுள்ள உயிருக்காக நீரின் அளவு நீதிமன்றத்தில் வரையறுக்கப்பட்ட வரலாறு இது.

காவல் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2013ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் எண்ணியபோது அக்குகையில் 35 மீன்களே இருந்தன. 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் அவ்வெண்ணிக்கை 191 ஆக உயர்ந்தது. பின்னர் நிகழ்ந்த நிலநடுக்கங்களால் குகைநீர் அலைந்து, திட்டிலிருந்த பாசியும் முட்டைகளும் அடித்துச்செல்லப்பட, 2025இன் தொடக்கத்தில் 38 மீன்களே எஞ்சின. எண்ணுவோர் இன்றும் ஆண்டுக்கு இருமுறை கரையில் நின்றும் நீரில் மூழ்கியும் எண்ணுகின்றனர்.

பாடலில் ஒரு வழி

கவிஞர் அவையில் கூறவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. அவ்வட்டாரத்தின் பழங்குடியினருள் தென் பயூட் மக்களும் ஒருவர். அவர்களிடம் உப்புப் பாடல்கள் எனப்படும் பாடல் தொகுதி ஒன்று வழங்கி வருகிறது. அதில் 142 பாடல்கள் உள்ளன. இறந்தோர் நினைவுச் சடங்கில் கதிர் மறைந்தது முதல் விடியும் வரை அவற்றைப் பாடுகின்றனர். இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களில் பரந்த நெடுவழியொன்றை அப்பாடல்கள் இடம் இடமாகப் பின்பற்றிச் செல்கின்றன. மலைகளும் நீர்நிலைகளும் பாட்டில் வரிசையாக வருகின்றன. பிரிந்த உயிர் அவ்வழியே செல்கிறது என்பது அம்மக்களின் நம்பிக்கை.

பாலையில் பிரிவைப் பாடுதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெரிகிறது. அத்துடன், அப்பாடல்களில் ஊர்ப்பெயரும் நீர்ப்பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன என்பதும் எண்ணத்தக்கது. நிலத்தை அறிந்தவர் பாடிய பாடல்கள் ஆதலின், அவை துயரப் பாட்டாகவும் வழிகாட்டியாகவும் ஒருங்கே நிற்கின்றன. சங்கச் சான்றோரின் பாலைப் பாடல்களிலும் பொதுமைச் சொற்கள் குறைவு. ஓமை மரமும், கள்ளியும், செந்நாயும், பருந்தும் பெயரோடும் செயலோடும் வருகின்றன. அச்சான்றோர் பாலையை வெறும் சோகத்தின் குறியீடாகக் கொள்ளவில்லை. அங்கே எது உண்கிறது, எது நீர் வேட்கையால் வாடுகிறது, எது தன் துணைக்கு இரை ஊட்டுகிறது என்பதை அறிந்திருந்தனர்.

இக்காலக் கவிதைகளிலோ பாலை என்பது பல வேளைகளில் வெறுமைக்கு மாற்றுச் சொல்லாகவே வருகிறது. நெஞ்சம் பாலையாயிற்று, வாழ்க்கை பாலையாயிற்று என்று எழுதிவிட்டு அமைதியுறுகிறோம். பாலை வெறுமையானது என்று எண்ணிய மனமும், இவ்வோடையில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று வாய்க்காலைத் திருத்திய மனமும் மிகத் தொலைவில் உள்ளவை அல்ல. ஓரிடத்தை வெறுமை என்று பெயரிட்டபின் அங்கே எதையும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. இக்கூற்றுக் கவிஞர்க்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். எனினும் சொல்லை ஆள்வோர்க்கே சொல்லின் பொறுப்பும் உரியது.

டெக்கோபாவின் மீன் தன் அறிவியற் பெயரைப் பெற்றது 1948இல். கடைசியாகக் காணப்பட்டது 1970இல். பெயர்பெற்று இருபத்திரண்டு ஆண்டுகளே அது உலகில் இருந்தது. அக்காலத்தில் அந்நீரில் அமர்ந்து வலி தீர்ந்தவர் பல்லாயிரவர். அவருள் அப்பெயரை அறிந்திருந்தவர் எத்தனை பேர்? அறிந்திருப்பின், கால்வாயைச் சற்றே வேறுவிதமாக வெட்டுங்கள், ஓரிடத்தில் நீர் தேங்கி ஆற வழிவிடுங்கள் என்று எவரேனும் ஒருவர் கேட்டிருக்கக்கூடும். பிரிந்த தலைவன் வினைமுடித்து மீள்வான் என்னும் நம்பிக்கையே தமிழ்ப் பாலைத் தலைவியை உயிரோடு இருத்துகிறது. இப்பிரிவில் அந்த ஆறுதல் இல்லை.

இன்றும் குளிர்காலந்தோறும் வண்டிவீடுகள் 127ஆம் எண் சாலையில் வடக்கே செல்கின்றன. முதியோர் வெந்நீரில் இறங்கி வலி தீர்கின்றனர். அவ்வின்பம் தொடரட்டும். வண்டிக்குள் இருக்கும்போது நீரை அளந்த அறிவு, ஊற்றின் கரையிலும் உடன்வரவேண்டும் என்பதே வேண்டுவது. அவ்வாறு உடன்வரச் செய்யும் ஆற்றல் சட்டத்திற்கு ஓரளவு உண்டு. அறிவியலுக்கு ஓரளவு உண்டு. பெயரறிந்து பாடும் பாட்டுக்கும் உண்டு.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் எழுதும் பாடல்களில், தத்தம் ஊரின் ஏரியும் குளமும் அவற்றில் வாழும் சிற்றுயிர்களும் தம் மெய்ப்பெயரோடு இடம்பெறுமாயின், அப்பெயர்கள் ஏட்டில் மட்டுமன்றி நீரிலும் நிலைக்க அது துணைசெய்யும். வட்டம் பல்லாண்டு வளர்க.